மாடித் தக்காளிக்கு மண்ணே முதல்

தக்காளி வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். நீர் தேங்கும் மண்ணில் வேர் மூச்சுத் திணறி அழுகும். ஈரம் நில்லாத மண்ணில் செடி நண்பகலிலேயே வாடும். மண்ணின் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருந்தால் சத்துகள் எளிதில் வேருக்குக் கிடைக்கும்.

மாடித் தோட்டப் பையில் செம்மண்ணை மட்டும் நிரப்பினால் சில வாரங்களில் இறுகிவிடும். ஊற்றும் நீர் பையின் ஓரமாக வழிந்து அடியில் வெளியேற, நடுவேர் காய்ந்தே கிடக்கும். செம்மண், உப்பு நீங்க அலசிய தேங்காய் நார்க்கழிவு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலப்பது நல்லது. பை ஓர் அடி ஆழமாவது இருக்க வேண்டும். நாற்றைக் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நட்டால், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும்.

தழைச்சத்து மிகுந்தால் செடி கருகருவென்று புதராக வளரும், பூ குறையும். பூக்கத் தொடங்கியபின் சாம்பல்சத்துதான் கூடுதலாகத் தேவை. அதற்காக அடுப்புச் சாம்பலை அள்ளிப் போடுவதும் தவறு. அது மண்ணின் காரத்தன்மையை உயர்த்தும். உப்பான ஆழ்குழாய் நீர் பாயும் தோட்டங்களில் இதில் கூடுதல் கவனம் வேண்டும்.

காயின் அடிமுனை கறுத்து, தோல்போல் காய்ந்து குழிவது பலரும் காணும் குறை. இது நோயல்ல, காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததன் விளைவு. அந்தச் சத்து நீரோட்டத்தோடுதான் காயை எட்டுகிறது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால், மண்ணில் போதுமான சுண்ணாம்பு இருந்தும் காய் பட்டினி கிடக்கும். அதேபோல், காய்ந்த மண்ணில் திடீரென நீர் பெருகினால் பழம் வெடிக்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்ததும் அளவாக ஊற்ற வேண்டும். காய்ந்த இலைகளால் மூடாக்கு போட்டால் ஈரம் சீராக நிற்கும்.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் தேவை. ஆனால் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராவிட்டால் மகரந்தம் வலுவிழக்கும். பூக்காம்பு கணுவில் மஞ்சளாகிப் பூ உதிரும். வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நீடித்தால் சிவப்பு நிறமியான லைக்கோபீன் உருவாவது தடைப்படும். கோடையில் பழம் மஞ்சள் கலந்த செம்மையோடு நின்றுவிடுவது இதனால்தான். வடகிழக்குப் பருவமழை தணியத் தொடங்கும் கார்த்திகைக் கடைசியில் நாற்று நட்டால், தையின் குளிர்ந்த இரவுகளில் பூ பிடிக்கும். கோடைச் செடிக்கு நண்பகலில் நிழல்வலை உதவும். காற்றோட்டமில்லாத இடத்தில், பூங்கொத்தைக் காலையில் மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

கத்தரி, மிளகாய், உருளை ஆகியவை தக்காளியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவை வளர்ந்த மண்ணிலேயே மீண்டும் தக்காளி வைத்தால் வாடல் நோய்க் கிருமியும் வேர்முடிச்சு நூற்புழுவும் பெருகும். இடையில் அவரை, கீரை என்று பயிரை மாற்றுவது மண்ணைக் காக்கும்.

சுவையும் இதே சூழலைப் பொறுத்ததே. போதிய வெயில் பெற்ற இலை பழத்துக்குச் சர்க்கரையை அனுப்புகிறது. பழுக்கும் வேளையில் செடி வாடாத அளவுக்கு நீரைச் சற்றே குறைத்தால் இனிப்பும் புளிப்பும் செறியும். அளவுக்கு மீறி ஊற்றினால் பழம் பெருத்துச் சப்பென்றிருக்கும்.