வேண்டுவது முன்பணம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

‘கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானா?’ என்பது பழமொழி. அரசுக் கலைக் கல்லூரி மாணவன் ஒருவன், வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் இரண்டு மாதம் பயிற்சி பெற விரும்புகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும். இந்தப் பழமொழி அவன் காதில் விழாமல் இராது. சொல்பவர்கள் நம் பகைவர்கள் அல்லர். நம்மீது அக்கறை கொண்டவர்களே சொல்கிறார்கள். ‘அதெல்லாம் ஐ.ஐ.டி. பிள்ளைகளுக்கு, பணம் படைத்தவர்களுக்கு. நீ ஒழுங்காகப் படித்து டி.என்.பி.எஸ்.சி. எழுது’ என்பது அவர்கள் அறிவுரை. அதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைப் பற்றி என் கருத்தைக் கூறவே இக்கட்டுரை.

இன்டர்ன்ஷிப் என்று இன்று எல்லோரும் வழங்கும் பயிற்சி யாது? பட்டப்படிப்புக் காலத்திலேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் தங்கி, ஆராய்ச்சியாளர் ஒருவரின் கீழ் வேலை பழகுவதுதான். நாமும் செய்முறை வகுப்பில் நிறமாலைமானியைத் திருப்பிக் கோணம் அளக்கிறோம். ஆனால் வரவேண்டிய விடை சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது. விடை யாருக்குமே தெரியாத ஒரு கேள்வியின் முன் நிற்பது எப்படி என்பதை ஆய்வுக்கூடத்தில்தான் கற்க முடியும்.

இத்தகைய வாய்ப்புகள் நமக்கு முற்றிலும் மூடப்பட்டவையா? சில திட்டங்கள் குறிப்பிட்ட உயர்கல்வி நிறுவனங்களின் மாணவரை மட்டுமே ஏற்கின்றன. அவற்றை விட்டுவிடுவோம். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிறுவனம் கோடைதோறும் மாணவரை வரவழைத்து நாட்படியும் பயணப்படியும் தருகிறது. 2017-ஆம் ஆண்டில் இந்தியா அதன் இணை உறுப்பு நாடாயிற்று. கோடைக்குள் மூன்றாண்டுப் பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. மூன்றாம் ஆண்டு முடிக்கும் பி.எஸ்ஸி. மாணவருக்கு அது பொருந்துகிறது. 2004-இல் இந்திய அரசு அளித்த நடராசர் சிலை அந்த வளாகத்தில் நிற்கிறது. நடராசர் போய்ச் சேர்ந்த இடத்துக்கு நாம் போகக்கூடாதா? ஜப்பானில் ஓகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம், பயிற்சிக்குத் தேர்வாகும் மாணவரின் விமானக் கட்டணம், தங்குமிடம், நாட்படி மூன்றையும் தானே ஏற்கிறது. நம் மாநில அரசும் 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின்கீழ், 2024-இல் ஒரு மாணவர் குழுவை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிக் காட்டியது. ஆகவே கதவு இருக்கிறது. கதவு வரை போவதற்குத்தான் வழியில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஒன்றரை மாதத் தொகையில் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் தொண்ணூறு நாளுக்கு மேற்படாமல் தங்குவதற்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. அது ஏறக்குறைய ஒன்பது மாதத் தொகை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். பிறகு விமானச் சீட்டு. போய் இறங்கிய முதல் மாதத்துக்கு வாடகை, சாப்பாடு. எல்லாம் சேர்த்தால் என் கணக்குப்படி ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். உதவித்தொகையோடு கூடிய பயிற்சியாக இருந்தால் இதில் பெரும்பகுதி திரும்பி வரும். ஆனால் பெரும்பாலும் அது எப்போது வரும்? அங்கே போய்ச் சேர்ந்து, ரசீதுகளைக் காட்டிய பிறகு வரும். பணமுள்ளவர் அதுவரை காத்திருக்கலாம். பணமில்லாதவர் புறப்படவே முடியாது.

என் தந்தை விசைத்தறித் தொழிலாளி. எங்கள் வீட்டில் ‘முன்பணம்’ என்பது நல்ல சொல் அன்று. அக்காளின் திருமணத்துக்காகத் தறி உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் தீரும்வரை அவர் வேறு பட்டறைக்குப் போக முடியாது. அங்கே கூலி கூடுதலாகக் கிடைத்தாலும் போக முடியாது. எனக்காக இன்னொரு முன்பணம் வாங்க அவர் தயாராகவே இருக்கிறார். வாங்கவிட எனக்குத்தான் மனம் வரவில்லை. நான் இரண்டு மாதம் கற்பதற்காக அவர் இரண்டு ஆண்டு கட்டுண்டு கிடப்பது கல்வியின் பயனாகுமா? நம் வகுப்பறைகளில் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்களைக் கை தூக்கச் சொன்னால், தூக்காத கைகளை எண்ணுவது எளிதாக இருக்கும்.

வங்கிக்குப் போகலாமே என்பார்கள். வங்கிகளின் கல்விக்கடன் பட்டமோ பட்டயமோ தரும் படிப்புகளைக் கருதி வகுக்கப்பட்டது. இரண்டு மாதப் பயிற்சி அதில் எளிதில் அடங்காது. பட்டியல் இனத்தவர் முதலியோருக்கு மத்திய அரசு வழங்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியது. ஏணியின் மேற்படிகளுக்குக் கைப்பிடி இருக்கிறது, முதற்படிக்கு இல்லை.

இவ்விடத்தில் இராமானுஜனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம்மைப் போலவே ஓர் அரசுக் கல்லூரியில், கும்பகோணத்தில், படித்து, மற்றப் பாடங்களில் தவறியதால் உதவித்தொகையை இழந்தவர் அவர். இங்கே பட்டம் பெறாதவர். சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கராக இருந்தவர். 1914-இன் தொடக்கத்தில் நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் சென்னைக்கு வந்து, அவரை இங்கிலாந்துக்கு அனுப்பவேண்டும் என்று வலியுறுத்தினார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையும், கப்பற்செலவும் உடைச்செலவும் தனியாகவும் அளித்தது. மார்ச் 17-இல் கப்பல் புறப்பட்டுவிட்டது. ‘முதலில் நீ போய்ச் சேர், ரசீது அனுப்பு, பிறகு பார்க்கலாம்’ என்று யாரேனும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேதைமை அவருடையது; முன்பணம் பல்கலைக்கழகத்தினுடையது. நம்மில் இராமானுஜன் இல்லாமற் போகலாம். ஆனால் கப்பலேறுவதற்குக் காசு வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் ஒன்றே.

நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். ஆனால் விரலையே மடக்கிக்கொள்ள வேண்டியதில்லை. முதலாண்டிலேயே பாஸ்போர்ட் எடுத்துவிட வேண்டும். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தோடு ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிந்து மூன்றாம் விதமாகவும் நம் பெயர் இருந்தால், பின்னால் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல நேரும். இரண்டாம் ஆண்டில் முதலில் கூரை ஏறுவோம்: பெங்களூர், டெல்லி, அலகாபாத் ஆகிய இடங்களிலுள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித் திட்டத்துக்கு நவம்பரை ஒட்டி விண்ணப்பிக்கலாம். நம் நாட்டு ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம் வேலை செய்தவருக்கு, வெளிநாட்டு விண்ணப்பத்தில் எழுத ஏதாவது இருக்கும். அதன்பிறகே வானம். அடுத்த கோடைக்கான விண்ணப்பங்கள் பல, முந்திய அக்டோபர் முதல் ஜனவரிக்குள் முடிந்துவிடுகின்றன என்பதை மறக்கலாகாது. நம்மிடம் பணம் கேட்டுப் ‘பயிற்சி’ தர முன்வருவோரை நாடவே வேண்டாம்.

இனிக் கல்லூரியின் பங்கு. பேராசிரியர் அவர்களே, உங்களை வணங்கிக் கேட்கிறேன்: பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவர்களும் சேர்ந்து ஒரு சுழல்நிதி தொடங்கக் கூடாதா? ஆயிரத்தைந்நூறு மாணவர்கள் ஆண்டுக்கு ஐம்பது ரூபாய் தந்தால் 75,000 ரூபாய். முன்னாள் மாணவர்கள் அதே அளவு தந்தால் ஒன்றரை லட்சம். தேர்வுக் கடிதம் வந்தவருக்கு மட்டும் வட்டியில்லாமல் கொடுப்போம். கையில் கொடாமல் விசாவுக்கும் சீட்டுக்கும் நேரே கட்டுவோம். உதவித்தொகை வந்ததும் ஆறு மாதத்துக்குள் திரும்பப் பெறுவோம். திரும்பிய பணம் அடுத்தவருக்குப் போகும். இதனோடு, பரிந்துரைக் கடிதம், ஆங்கில மதிப்பெண் சான்று, வருகைப்பதிவு அனுமதி ஆகியவற்றை ஒரே இடத்தில் கவனிக்க ஒரு பேராசிரியர் பொறுப்பேற்றால் பாதி அலைச்சல் குறையும். கௌரவ விரிவுரையாளர்கள் பலர் தங்கள் சிரமங்களுக்கிடையிலும் எங்களுக்குக் கடிதம் எழுதித் தருகிறார்கள். அந்த நல்ல மனத்துக்கு ஓர் அமைப்பு துணை நிற்கட்டும்.

ஒருவர் விமானம் ஏற நாங்கள் ஏன் ஐம்பது ரூபாய் தரவேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெங்களூருக்கு ரயில் ஏறுபவருக்கும், அங்கே முதல் மாத விடுதிக் கட்டணம் கட்ட முடியாதவருக்கும் இதே நிதி உதவட்டும்; எந்தத் துறை மாணவராயினும் பெறட்டும். போய் வந்தவர் தம் இளையவர் இருவருக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுத்தர வேண்டும் என்பதையும் விதியாக்கலாம். பணம் திரும்பி வருமா என்றும் ஐயம் எழலாம். வாரக்கூலியிலிருந்து தவறாமல் கடன் கட்டும் தந்தையைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஏழை திருப்பித் தரமாட்டான் என்பது ஏழையை அறியாதவர்களின் அச்சம்.

நாங்கள் தானம் கேட்கவில்லை. எங்களைக் கட்டிப்போடாத முன்பணம் ஒன்றைக் கேட்கிறோம். இம்மலர் இன்னும் இரண்டொரு ஆண்டு கழித்து வெளிவரும்போது, வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் பயின்று வந்த நம் மாணவர் ஒருவரின் கட்டுரை இதில் இடம்பெற வேண்டும். அவர் நானாக இருக்க வேண்டும் என்பதில்லை.