வரைபடமும் வேண்டும், நடையும் வேண்டும்

சென்னை கே.கே. நகரில் புதிதாக ஒரு மருந்துக் கடை திறப்பதென்றால், அதற்கு உகந்த தெரு எது? இந்தக் கேள்வியோடு, ஜிஐஎஸ் எனப்படும் புவித் தகவல் முறைமையையும் மேலாண்மை மாணவர்களிடம் கொடுத்தால், ஒரு பருவத்துக்கான பாடம் தயார்.

குடியிருப்புகள், பேருந்து நிறுத்தங்கள், ஏற்கெனவே உள்ள கடைகள் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக வைத்துப் பார்க்க டிஜிட்டல் வரைபடம் உதவுகிறது. கடையின் அளவையும் தொலைவையும் கொண்டு வாடிக்கையாளரின் தேர்வைக் கணிக்கும் முறையை அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஹஃப் 1960களிலேயே வகுத்தார். அந்தக் கணக்கை இன்று ஒரு மடிக்கணினியே போட்டுவிடும்.

கருவிகளுக்கும் பஞ்சமில்லை. கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவுகளை எவரும் பயன்படுத்தலாம். இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இயங்குகிறது. வரைபடத் தரவுகளை உருவாக்க இந்திய நிறுவனங்களுக்கு இருந்த கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் பெருமளவு தளர்த்தியது.

ஆனால், திரையில் தெரிவதை அப்படியே நம்பும் பழக்கம் ஆபத்தானது. கே.கே. நகர் இஎஸ்ஐ மருத்துவமனையைக் கண்டதும், அதன் அருகில் மருந்து விற்பனை செழிக்கும் என்று மாணவர் முடிவுகட்டக்கூடும். காப்பீடு பெற்ற தொழிலாளர்களுக்கு அத்திட்டத்தின் கீழேயே மருந்து கிடைப்பது வரைபடத்தில் இராது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், வெகுகாலம் 2011 எண்ணிக்கையை வைத்தே திட்டமிட வேண்டியிருந்தது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அருகிலுள்ள ஜாபர்கான்பேட்டையைச் சூழ்ந்தது. கிடங்குக்கு இடம் தேடுபவர் அந்த அடுக்கையும் சேர்த்தாக வேண்டும்.

நடைபாதை வியாபாரிகளின் நிலை இன்னும் மோசம். ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் அவர்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்கிறது 2014ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால், கைபேசி வரைபடங்களில் பெயர்ப்பலகை உள்ள கடைகளே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. பூக்கடையும் தள்ளுவண்டியும் இல்லாத வரைபடத்தைக் கொண்டு ஒரு பகுதியின் வணிகத்தை எப்படிப் புரிந்துகொள்வது?

எனவே, இப்பாடத்தில் பாதி நேரம் திரையின் முன்னும், மீதி நேரம் தெருவிலும் கழிய வேண்டும். மாணவர்கள் நடந்து திரட்டும் தரவுகளை மாநகராட்சியின் விற்பனைக் குழுவுக்கும் வழங்கலாம். தவறான இடத்தில் திறக்கப்படும் ஒரு சிறு கடை, ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பையும் விழுங்கிவிடும். அந்தப் பொறுப்பை உணர்த்தாத மேலாண்மைக் கல்வி முழுமையானதாகாது.