விவிலியத்திற்கு வெளியே இறை உண்மையைத் தேடலாமா?



2025ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் வத்திக்கானிலிருந்து ஒரு சிறிய அறிக்கை வெளிவந்தது. விசுவாசக் கோட்பாட்டுத் துறையின் அந்த அறிக்கை, இத்தாலி நாட்டைச் சேர்ந்த மரியா வால்தோர்த்தா என்பவரின் எழுத்துகளைப் பற்றியது. 1961இல் இறந்த இவர், பல ஆண்டுகள் படுக்கையிலேயே கிடந்தவர். இயேசுவின் வாழ்வைக் காட்சிகளாகக் கண்டதாகக் கூறி, 1940களில் ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதினார். 'கடவுள் மனிதனின் காவியம்' என்ற பெயரிலும், பின்னர் 'எனக்கு வெளிப்படுத்தப்பட்ட நற்செய்தி' என்ற பெயரிலும் அவை நூல்களாகி, பல மொழிகளில் வாசிக்கப்படுகின்றன. இந்தக் காட்சிகளையும் செய்திகளையும் விண்ணிலிருந்து வந்தவையாகக் கருத முடியாது, இயேசுவின் வாழ்வைத் தம் வழியில் எடுத்துரைக்க ஆசிரியர் கையாண்ட இலக்கிய வடிவங்களாகவே கொள்ள வேண்டும் என்று அந்த அறிக்கை தெளிவுபடுத்தியது.

இது புதிய தீர்ப்பு அன்று. 1959 டிசம்பரிலேயே இந்நூல் தடை நூற்பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1966இல் அந்தப் பட்டியலின் சட்ட வலிமை நீக்கப்பட்டபோது, 'இனி தடையில்லை' என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் சட்டம் போனாலும் அதன் அறநெறி எச்சரிக்கை போய்விடவில்லை என்று, பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆன கர்தினால் ராட்சிங்கர் 1985இல் எழுதினார். அப்படியிருந்தும் 2025இல் திருச்சபை மீண்டும் பேச வேண்டியதாயிற்று. அந்த அளவுக்கு இத்தகைய நூல்கள்மேல் மக்களுக்கு ஈர்ப்பு இருக்கிறது.

அப்படியானால், விவிலியத்தைத் தவிர வேறெந்த நூலிலும் இறை உண்மையைத் தேடக் கூடாதா? இக்கேள்வி நம் பங்குகளிலும் எழுகிறது. ஆனால் நாம் அஞ்சும் இடமும் நம்பும் இடமும் பல வேளைகளில் மாறிப் போயிருக்கின்றன. திருக்குறளையோ கீதையையோ திறந்தாலே விசுவாசம் கெட்டுவிடும் என்று பிள்ளைகளைக் கண்டிப்பவர்கள் உண்டு. அவர்களே, 'இயேசு இன்று இன்னாருக்குச் சொன்னது' என்று கைப்பேசியில் வரும் செய்தியை, எழுதியவர் யார் என்றுகூடக் கேளாமல் இருபது பேருக்கு அனுப்பிவைக்கிறார்கள். உண்மையில் எந்த நூலை நாம் அதிகம் சோதித்தறிய வேண்டும்?

விவிலியமே காட்டும் வழி

முதலில் விவிலியத்தையே கேட்போம். நீதிமொழிகள் நூலின் 22ஆம் அதிகாரம் 17ஆம் வசனம் முதல் வரும் அறிவுரைகள், ஆமெனெமோப்பே என்ற எகிப்திய ஞானியின் பெயரால் வழங்கும் நூலோடு நெருங்கிய ஒற்றுமை கொண்டவை என்று விவிலிய அறிஞர்கள் காட்டியுள்ளனர். ஏதென்சு நகரில் போதித்த புனித பவுல், கிரேக்கக் கவிஞரின் கூற்றை எடுத்துக்காட்டி, நாம் கடவுளின் பிள்ளைகள் என்று விளக்கினார் (திப 17:28). யூதா தம் திருமுகத்தில் ஏனோக்கின் பெயரால் வழங்கிய நூலிலிருந்து எடுத்துரைக்கிறார் (யூதா 14-15). ஆயினும் நம் திருச்சபை ஏனோக்கு நூலை விவிலியத்தில் சேர்க்கவில்லை.

இங்கே இரண்டு பாடங்கள் உள்ளன. உண்மை எங்கிருந்தாலும் அதை ஏற்க இறைவாக்கினை எழுதியவர்கள் தயங்கவில்லை. அதே வேளையில், ஒரு நூலில் உண்மை இருக்கிறது என்பதற்காக அந்நூல் இறைவார்த்தை ஆகிவிடுவதும் இல்லை.

திருச்சபையின் போதனை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இவ்விரண்டையும் சேர்த்தே சொன்னது. 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியான கிறிஸ்தவமல்லாச் சமயங்கள் பற்றிய அறிக்கை, அச்சமயங்களில் உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்று அறிவித்தது. 2025இல் அந்த அறிக்கையின் 60ஆம் ஆண்டை நிறைவு செய்தோம். அதே சங்கம், மூன்று வாரங்களுக்குப் பின் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், ஆண்டவர் மாட்சியுடன் வரும்வரை புதிய பொது வெளிப்பாடு எதையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று கற்பித்தது. கடவுள் தம் மகனிலே தம்மை முழுமையாகக் கொடுத்துவிட்டார். கொடுக்காமல் ஒளித்துவைத்தது ஒன்றும் இல்லை.

2000ஆம் ஆண்டு வெளியான 'ஆண்டவர் இயேசு' என்ற ஏடு இதை மேலும் தெளிவாக்கியது. இறை ஏவுதல் பெற்ற நூல்கள் என்ற பெயர் விவிலிய நூல்களுக்கே உரியது. பிற சமய நூல்களில் காணப்படும் நன்மையும் அருளும் கிறிஸ்துவின் மறைபொருளிலிருந்தே வருகின்றன. ஆகவேதான் திருப்பலியில் விவிலிய வாசகத்திற்குப் பதிலாக வேறெந்த நூலையும் வாசிக்கக் கூடாது என்று 2004இல் திருவழிபாட்டுத் துறையின் ஏடு வலியுறுத்தியது. பீடத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் நம் வீட்டு அலமாரியில் இடமுண்டு.

நம் முன்னோர் இதை வாழ்ந்தே காட்டினர். 18ஆம் நூற்றாண்டில் நம்மிடையே பணியாற்றிய இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். அதே கையால் புனித சூசையப்பரின் புகழ் பாடும் தேம்பாவணியையும் எழுதினார். குறளைக் கற்றதால் அவருடைய விசுவாசம் குறையவில்லை.

இயேசுவின் பெயரால் வரும் நூல்கள்

திருக்குறள் தன்னை இயேசுவின் வாய்மொழி என்று சொல்லிக்கொள்வதில்லை. எனவே அதை வாசிப்பவர் அதற்குரிய மதிப்பைக் கொடுத்து வாசிக்க முடியும். ஆனால் 'இயேசு எனக்குச் சொன்னார்' என்று தொடங்கும் நூல், நற்செய்திக்குரிய இடத்தையே கேட்கிறது. அதனால்தான் அதை அதிகமாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

திருச்சபை அத்தகைய எல்லாவற்றையும் மறுத்துவிடுவதும் இல்லை. புனித பவுஸ்தீனாவின் நாட்குறிப்பு 1959இல் தடை செய்யப்பட்டது. ஆய்வுகளுக்குப் பின் 1978இல் தடை நீங்கியது. 2000இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். மெட்ஜுகோரியே குறித்து 2024 செப்டம்பரில் திருச்சபை, அங்கே விளையும் ஆன்மிக நன்மைகளை ஏற்று, பக்தி முயற்சிகளுக்குத் தடையில்லை என்றது. ஆனால் அச்செய்திகள் விண்ணிலிருந்தே வந்தவை என்று அறிவிக்கவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட தனி வெளிப்பாடுகள்கூட கிறிஸ்துவின் வெளிப்பாட்டை நிறைவு செய்வதற்காக அல்ல, குறிப்பிட்ட காலத்தில் அதை முழுமையாக வாழ உதவுவதற்காகவே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி கூறுகிறது (எண் 67).

"ஆனால் அந்த நூலை வாசித்து மனம் மாறியவர்கள் இருக்கிறார்களே?" என்று சிலர் கேட்கலாம். இருக்கலாம். ஒரு நல்ல கதையை வாசித்தும், ஒரு திரைப்படத்தைப் பார்த்தும் மனம் மாறியவர்கள் உண்டு. கடவுள் எதையும் பயன்படுத்த வல்லவர். அதனால் அந்தக் கதை விண்ணிலிருந்து வந்தது என்று ஆகிவிடாது. நன்மை விளைந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வோம். நூலை நூலாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

கையில் வரும் ஒரு செய்தியை எப்படிச் சோதிப்பது? அது கிறிஸ்துவிடமும் திருச்சபையிடமும் அழைத்துச் செல்கிறதா, அல்லது தன்னிடமே இழுத்து வைத்துக்கொள்கிறதா? நாளும் தேதியும் குறித்து அச்சத்தை வளர்க்கிறதா, அல்லது ஒப்புரவையும் ஏழையர்மீது அன்பையும் வளர்க்கிறதா? ஆயரின் தீர்ப்புக்குப் பணிகிறதா? நற்செய்தியில் இல்லாத இரகசியம் ஒன்று தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்பது பதிலானால், அதை மூடி வைத்துவிடலாம்.

நிறைவிலிருந்து தேடுவோம்

அன்பானவர்களே, தேடல் இருவகை. கிறிஸ்து கொடுத்தது போதவில்லை என்று குறையை நிரப்பத் தேடுவது ஒன்று. கிறிஸ்துவை அறிந்த மகிழ்ச்சியில், அவருடைய ஒளிக்கதிர் வேறெங்கெல்லாம் விழுகிறது என்று காணத் தேடுவது மற்றொன்று. முதலாவது நம்மை அலைக்கழிக்கும். இரண்டாவது, அடுத்த வீட்டு இந்துச் சகோதரரோடும் இஸ்லாமியச் சகோதரியோடும் மதிப்புடன் உரையாடும் துணிவைத் தரும்.

ஆனால் இரண்டாவது வழியில் நடக்க, நற்செய்தியை முதலில் அறிந்திருக்க வேண்டும். மூலத்தை அறியாதவருக்கு நகல் எது என்று தெரியாது. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலத்தின் 3ஆம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தியதும் இதற்காகத்தான். மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரங்களே உள்ளன. இரவு செபத்திற்குப் பின் குடும்பமாக நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால் 16 நாளில் முடித்துவிடலாம். புதிய செய்தி ஒன்றைப் பிறருக்கு அனுப்பும் முன், இந்தப் பழைய செய்தியை நம் வீட்டில் முழுவதும் வாசித்து முடித்தோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

வார்த்தையான இறைவன் நம் இல்லங்களில் குடிகொண்டு, உண்மையை இனங்காணும் ஞானத்தை நமக்குத் தருவாராக!