எண் சொல்வது சாட்சியம், தீர்ப்பு அல்ல!

– இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

காய்ச்சல் நோயல்ல, நோயின் அறிகுறி என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் மோட்டார் வாகனம் என்று வந்துவிட்டால் அந்தப் பாடம் நமக்கு மறந்துபோகிறது. வண்டியின் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். திரையில் ஓர் எண் தோன்றுகிறது. அந்த எண்ணுக்கு நேரே எந்த உறுப்பின் பெயர் எழுதியிருக்கிறதோ, அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுகிறார்கள். விளக்கு அணைகிறது, பணம் கை மாறுகிறது. ஒரு வாரம் கழிந்ததும் விளக்கு மீண்டும் எரிகிறது!

இது விஞ்ஞானமா? அல்லது விஞ்ஞானத்தின் பெயரால் வளரும் புதிய மூடநம்பிக்கையா? இக்கேள்வி என்னுள் எழுந்ததற்கு ஒரு பழைய கார்தான் காரணம்.

பதினொன்று என்றது விளக்கு

விடுமுறை நாட்களில் குளச்சலை அடுத்த ஒரு சிறு பட்டறையில் கையாளாக நிற்பவன் நான். என் தந்தை ஸ்பானர் பிடிப்பதும் அங்கேதான். சென்ற ஆண்டு அங்கே ஒரு பழைய மிட்சுபிஷி லான்சர் வந்தது. நம் தமிழ்நாட்டில், திருவள்ளூர் தொழிற்சாலையில் 1998 முதல் தயாரான கார் அது. உலக ராலிப் பந்தயத்தில் பின்லாந்து வீரர் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து 4 ஆண்டுகள் பட்டம் வென்றது லான்சர் எவல்யூஷன் என்ற காரில்தான். அந்தப் பந்தயக் காரின் என்ஜினுக்கும் நம் ஊர் லான்சரின் என்ஜினுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஆயினும் அந்தப் பெயரின் கவர்ச்சிக்காகவே அதை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் பலர். எங்களிடம் வந்தவரும் அப்படிப்பட்டவரே. வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர்.

அவர் எங்களிடம் வருவதற்கு முன்பே வேறோர் இடத்தில் ஆக்சிஜன் சென்சாரை இரண்டு முறை மாற்றியிருந்தார். விளக்கு மட்டும் அணைந்தபாடில்லை.

அந்தக் காலத்துக் கார்களில் பிழையைச் சொல்லத் திரை கிடையாது. டாஷ்போர்டின் அடியிலுள்ள கனெக்டரில் உரிய முனையை ஒரு கம்பியால் எர்த் செய்தால், மஞ்சள் விளக்கே மின்னி மின்னி எண்ணைச் சொல்லும். நீண்ட மின்னல் பத்தைக் குறிக்கும்; குறுகிய மின்னல் ஒன்றைக் குறிக்கும். நாங்கள் எண்ணினோம். நீளமாக ஒன்று, குறுகலாக ஒன்று. பதினொன்று! பழைய மிட்சுபிஷி பட்டியலில் 11 என்றால் ஆக்சிஜன் சென்சார்.

“அப்போ சென்சார்தானே ஆசானே கேடு?” என்றேன் நான். பட்டறையின் மூத்த மெக்கானிக்கை நாங்கள் ஆசான் என்றே அழைப்போம்.

அவர் சிரித்தார். “மக்களே, ஒரு பிளக்கைக் கழத்து” என்றார்.

கழற்றினேன். பிளக்கின் முனை அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தது.

“பாத்தியா? பெட்ரோல் போதாதுன்னு சென்சார் சொல்லுது. மிஞ்சிப் போச்சுன்னு பிளக்கு சொல்லுது. ரெண்டு சாட்சி ரெண்டு விதமா சொன்னா, ஒருத்தன உடனே தூக்கில போடலாமா?”

இரண்டு சாட்சிகள்

இங்கே சிறிது இயற்பியல் பேச வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதம் மாறாமல் காப்பதே என்ஜின் கம்ப்யூட்டரின் வேலை. அதற்குக் கண்ணாக இருப்பது புகைக்குழாயில் பொருத்திய ஆக்சிஜன் சென்சார். சிர்கோனியா என்ற பீங்கான் பொருளால் ஆனது. சுமார் 300 டிகிரி செல்ஷியசுக்கு மேல் சூடானதும் வெளிக்காற்றிலுள்ள ஆக்சிஜனையும் புகையிலுள்ள ஆக்சிஜனையும் ஒப்பிட்டு மின்னழுத்தம் தரும். புகையில் ஆக்சிஜன் மிகுந்தால் சுமார் 0.1 வோல்ட், குறைந்தால் சுமார் 0.9 வோல்ட். நல்ல நிலையில் இந்த இரண்டுக்குமிடையே ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தோம். என்ஜின் ஐடிலில் ஓடும்போது 0.1 வோல்ட்டிலேயே கிடந்தது. ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தியதும் 0.8 வரை ஏறியது; விட்டதும் விழுந்தது. செத்த சென்சார் இப்படி ஏறி இறங்குமா? ஆகவே அதற்கு உயிர் இருந்தது. அது பொய் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னது. அப்படியானால், என்ஜினில் எரியாத ஆக்சிஜன் அந்தக் குழாய்க்குள் எங்கிருந்து வந்தது?

மறுநாள் காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொன்னார் ஆசான். ‘டிக் டிக்’ என்று மெல்லிய ஓசை கேட்டது. சைக்கிள் டியூப்புக்குச் செய்வதுபோலச் சோப்புத் தண்ணீரைப் பூசினோம். மேனிபோல்டும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் நுரை கிளம்பியது. உப்புக்காற்றில் துருப்பிடித்து விழுந்த மயிரிழைக் கீறல்! சூடானதும் இரும்பு விரிந்து ஓசை அடங்கிவிடும். அதனால்தான் சூடான வண்டியைப் பார்த்தவர் எவர் காதிலும் அது விழவில்லை.

புகை ஒரே சீராக ஓடுவதில்லை. துடிப்புத் துடிப்பாக ஓடுகிறது. ஒவ்வொரு துடிப்பின் பின்னாலும் அழுத்தம் சற்றே தாழும். அந்த நொடியில் கீறல் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அதைச் சென்சார் கண்டது. ‘ஆக்சிஜன் மிகுதி’ என்றது. அதை நம்பிய கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியது. பிளக் கரி பிடித்தது. என்ஜின் வேகமெடுக்கும்போது புகையும் பெருகுவதால், நுழைந்த காற்று அதில் ஒரு பொருட்டாக இல்லை. எல்லாச் சாட்சிகளும் ஒத்துப்போயின! முடிவில் செலவு கொஞ்சம் வெல்டிங் கூலியும் ஒரு கேஸ்கட்டும்தான்.

அடி விழுந்த இடம் ஒன்று, வலிக்கும் இடம் வேறொன்று என்று நம் மாவட்டத்து வர்ம ஆசான்மார் சொல்வார்கள். என்ஜினுக்கும் அது பொருந்தும் என்பதை அன்று கண்டேன்.

எண்கள் பிறந்த கதை

இந்த எண்கள் முதலில் ஒரே மொழி பேசவில்லை. 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், புகழ்பெற்ற கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் உட்பட, என்ஜினை ஓட்டாமல் சோதித்தால் முதலில் வருவது 12 என்ற எண். ‘என்ஜின் சுற்றவில்லை, சிக்னல் வரவில்லை’ என்பது அதன் பொருள். அதாவது, அங்கே அது பிழையே அல்ல. கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது என்பதற்கு அடையாளம். அதே 12 பழைய மிட்சுபிஷியில் காற்றோட்ட சென்சாரின் பிழை! பட்டியலை மட்டும் நம்பியவன் என்ன ஆவான்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1988 மாடல் கார்களிலிருந்து இத்தகைய சுயசோதனை வசதியைக் கட்டாயமாக்கியது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே மாதிரியான 16 முனைக் கனெக்டரும் பொதுவான எண்களும் வந்தன. P0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. P0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ் 2010 ஏப்ரலில் முதற்கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன.

இந்தச் சட்டங்கள் எதற்காக வந்தன? மெக்கானிக்கின் வேலையைக் குறைப்பதற்கா? இல்லை! காற்று மாசுபடாமல் காப்பதற்கு. ‘புகை கெடக்கூடும், கவனி’ என்று எச்சரிப்பதே அந்த விளக்கின் கடமை. எந்த உறுப்பை மாற்றுவது என்று சொல்ல அது பிறக்கவே இல்லை. P0171 என்ற எண்ணைப் பாருங்கள். கிழிந்த ரப்பர் குழாய், அடைத்த பில்டர், தளர்ந்த பெட்ரோல் பம்ப், அழுக்கேறிய சென்சார் ஆகிய எதனாலும் அது வரலாம். எண் ஒன்று; காரணம் பல.

பூட்டிய ஏடு

‘அப்படியானால் ஸ்கேனர் வேண்டாமா? பழைய கார்புரேட்டர் காலமே பொற்காலமா?’ என்று நண்பர்கள் கேட்கலாம். அதுவும் தவறு. அந்த 11 மட்டும் இல்லாதிருந்தால் எங்கே தேடத் தொடங்குவது என்றே எங்களுக்குத் தெரிந்திராது. சாட்சி வேண்டும், சாட்சியில்லாமல் விசாரணை ஏது? ஆனால் அந்தச் சாட்சியை விசாரிக்கும் உரிமை எல்லோருக்கும் கிடைக்கிறதா என்பதே என் கவலை.

உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் கார் நிறுவனங்கள் தடுக்கின்றன என்று 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் போனது. 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களும் கருவிகளும் வெளிச் சந்தையில் கிடைக்கச் செய்யுமாறும் ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. பழுது பார்க்கும் உரிமைக்கு ஒரு சட்டகம் வகுக்க 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தபோது, அதில் மோட்டார் வாகனமும் ஒரு துறையாக இடம்பெற்றது.

வழக்குகள் நடக்கட்டும். ஆனால் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் சாலையோரத்தில் இருக்கும் சிறு பட்டறைக்காரர் அதுவரை என்ன செய்வார்? ‘கம்ப்யூட்டர் வண்டியா? நம்மால் ஆகாது’ என்று திருப்பி அனுப்புகிறார். ஒவ்வொரு முறை அவர் அப்படிச் சொல்லும்போதும் முப்பது நாற்பது ஆண்டு அனுபவம் வாசலோடு திரும்பிப் போகிறது. ஓசையைக் கேட்டே கீறலைக் கண்ட அந்தக் காது எந்த ஸ்கேனரிலும் இல்லையே!

நாம் என்ன செய்யலாம்?

நம் ஆய்வகத்தில் வோல்ட்மீட்டரைத் தொட்டிருக்கிறோம். ஆனால் விடை தெரிந்த கேள்விகளுக்கே அதைப் பயன்படுத்துகிறோம். ரெக்கார்டு நோட்டில் முன்னவர் எழுதிய எண்ணையே நாமும் எழுதுகிறோம். பட்டியலைப் பார்த்துச் சென்சாரை மாற்றியவருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கோணத்திலே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமையேனும் அங்குள்ள மாணவர்களும் நாமும் ஒரு பழைய என்ஜினைச் சுற்றி நிற்க வழி செய்யுங்கள். அவர்கள் கைத்தொழிலைக் கொண்டு வரட்டும். நாம் தத்துவத்தைக் கொண்டு போவோம். ஊர்ப் பட்டறைகளின் மூத்த மெக்கானிக்குகளையும் விருந்தினராக அழையுங்கள். காரணம் தெரியாத ஒரு பழுதை எங்கள் முன் வையுங்கள்.

மாணவ நண்பர்களே! விளக்கு எரிந்தால் அஞ்ச வேண்டாம். எண் தோன்றினால் அப்படியே நம்பவும் வேண்டாம். ‘ஏன்?’ என்று ஒரு முறை கேளுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.