ஆமென் மட்டும் வரும் கொமென்ட் பெட்டி

போன மாதம் எங்கட சபையில் டிக்டொக்குக்கு எதிராக ஒரு பிரசங்கம் நடந்தது. அதை பேஸ்புக்கில் லைவ் போட்டதும், பிறகு அதில் ஒரு நிமிடத்தை வெட்டி ரீல்ஸ் ஆக்கினதும் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளான நாங்கள்தான். 'போன் ஒரு கண்ணி' என்று ஐயர் சொன்ன இடம் நன்றாகவே ஓடியது. அவருக்கும் சந்தோசம்.

2020 ஊரடங்கில் கோயில் பூட்டியபோது கமெரா வந்தது. ஊரடங்கு போய்விட்டது, கமெரா போகவில்லை. எங்கட ஞாயிறு காலை எட்டு மணி ஆராதனை, ரொறன்ரோ அன்ரிமாருக்கு சனி இரவு. அவர்கள் படுக்கையில் இருந்தபடி 'ஆமென்' போடுவார்கள். சிலவேளை 'பின்வாங்கில நித்திரை கொள்ளுறது ஆர்?' என்றும் வரும்.

இதை நாங்கள் நக்கலடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் புரட்டஸ்தாந்து சபைக்கும் ஊடகத்துக்கும் பழைய உறவு. அமெரிக்க மிஷன் இங்கே அச்சுக்கூடம் நடத்தியது. 1841இல் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'உதயதாரகை' பத்திரிகையைத் தொடங்கியது. அது நடுநிலைப் பத்திரிகை இல்லை, மதம் மாற்றுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனாலும் மிஷனை எதிர்த்துக் கேள்வி கேட்ட சைவர்களின் கடிதங்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. பெயர் போடாமல் வந்த அப்படியொரு கடிதத்தை எழுதியவர் ஆறுமுக நாவலர் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு எங்கட வயதுதான். மெதடிஸ்த பாடசாலையில் படித்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவியவர், 1849இல் தானே ஒரு அச்சுக்கூடம் தொடங்கி மிஷனுக்கு அவர்களின் ஆயுதத்தாலேயே பதில் சொன்னார்.

எதிராளிக்குக் கடிதம் எழுத இடம் கொடுத்த சபைகளின் பிள்ளைகள் நாங்கள். இப்போது எங்கட கதையைக் கேளுங்கோ.

2022, பெற்றோல் வரிசைக் காலம். அன்றைய பிரசங்கம் தசமபாகம் பற்றியது. லைவில் ஆமென்களுக்கு நடுவே ஒரு கேள்வி வந்தது: 'வேலை போன ஆக்கள் எதில பத்தில ஒண்டு குடுக்கிறது?' எழுதினவர் வாராவாரம் எங்களோடு பாட்டுப் பாடுகிறவர். மூப்பர் ஒருவர் எங்கட தோளைத் தட்டி, 'தம்பி, அதை எடுத்துவிடும்' என்றார். நாங்கள் எடுத்துவிட்டோம். இரண்டு செக்கனும் போகவில்லை.

அதற்குப் பிறகு அவர் லைவில் எதுவும் எழுதவில்லை. கோயிலுக்கு வருவதும் குறைந்துவிட்டது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும்தான்.

'பெடியள் கோயிலுக்கு வருகினமில்லை, எல்லாம் போனால வந்த வினை' என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. கேள்வி கேட்டால் யாராவது பதில் சொல்லுகிற இடத்தில்தான் பெடியள் நிற்பார்கள். போனில் அது கிடைக்கிறது, பிழையான பதிலாக இருந்தாலும். கோயிலில் எங்களுக்குக் கிடைப்பது லைட், ட்ரம்ஸ், திரையில் பாட்டு வரிகள். இதெல்லாம் நல்லதுதான். ஆனால் பிரசங்கம் முடிந்து அறிவித்தல் வாசிக்க முதல், 'ஆருக்கும் கேள்வி இருக்கோ?' என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. அதற்கு ஒரு மைக் போதும், புதுக் கமெரா தேவையில்லை.

அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எங்களுக்கும் தெரியாது. ஐயருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். 'தெரியாது, ஆராதனை முடிய வாங்கோ, கதைப்பம்' என்று சொல்லியிருந்தாலே அவர் இன்னும் பின்வாங்கில் இருந்திருப்பார்.

வாற ஞாயிறு லைவ் எங்கட முறை. தூஷணம் தவிர ஒரு கொமென்டையும் அழிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். அதற்கு முதல், அவர் வீட்டுக்கு ஒருக்கா போய்வர வேண்டும். கமெரா இல்லாமல்.