கால் கிலோ காராச்சேவு

"இந்த மூணு மாசத்துல என்ன கத்துக்க ஆசைப்படறே, தம்பி?" என்று என் மகனின் சிறப்புப் பள்ளி டீச்சர் கேட்டார். அவன் வாயைத் திறக்குமுன், "கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுங்க டீச்சர்" என்று நான் முந்திக்கொண்டேன். 14 வருஷப் பழக்கமாயிற்றே! டீச்சர் சிரித்தார். "நான் அவனையில்ல கேட்டேன்?"

சற்று யோசித்து, "சேவு வாங்கணும். நானே" என்றான். சாத்தூர்ப் பிள்ளை வேறென்ன கேட்பான்!

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குக் குறிக்கோள் எதற்கு, திட்டம் எதற்கு என்று நினைத்தவள்தான் நானும். டீச்சர்தான் விளக்கினார். பேராசிரியர் ஜெயச்சந்திரனும் விமலாவும் சென்னையில் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்ற முறையில், சாப்பிடுவது, உடுத்துவது, நேரம், பணம் என்று 18 பிரிவுகள். பிரிவுக்கு 20 வீதம் 360 செயல்கள். எளிதில் தொடங்கிக் கடினத்துக்குப் போகும். பிள்ளைக்கு இப்போது எது தெரியும் என்று பார்த்து, அதற்கு அடுத்த படியைக் குறிக்கோளாக வைக்க வேண்டியதுதான்.

பை, பணம், ரோட்டோரம், கடை, பாக்கிச் சில்லறை, வீடு என்று ஆறு பட அட்டைகள் செய்தோம். முதலில் எல்லாம் நான் செய்து, பணம் கொடுத்துப் பொட்டலம் வாங்குவதை மட்டும் அவனிடம் விட்டேன். பிறகு ஒவ்வொரு படியாக அவன் கைக்கு மாறியது. முடித்த படிக்கு அவனே கலர் பென்சிலால் 'டிக்' போடுவான்.

முதன்முதலாகத் தனியே போன அன்று, கடை பூட்டிக் கிடந்தது! அரைமணி நேரமாகியும் ஆளைக் காணோம். பதறி ஓடினேன். பூட்டிய கதவின் முன் அழுதபடி நிற்கிறான். "எதுக்கு மதினி இந்த வேண்டாத வேலை?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அட்டைகளைக் கிழித்துப் போடத்தான் தோன்றியது எனக்கு.

டீச்சரோ, "அவன் மேல தப்பில்லம்மா. திட்டத்துல ஒரு அட்டை குறையுது" என்றார். இந்தத் தடவை நான் முந்தவில்லை. "கடை பூட்டியிருந்தா என்ன செய்யலாம்?" என்று அவனையே கேட்டேன். "அடுத்த கடை" என்றான். ஏழாவது அட்டை தயார்.

சகோதரிகளே, 'நமக்குப் பிறகு இவன் கதி?' என்று இரவெல்லாம் புரள்கிறோம். பகலில் அவன் வேலையையும் நாமே செய்துவிடுகிறோம். ஆசையை அவன் சொல்லட்டும், படிகளைச் சின்னதாக்குங்கள், தவறினால் பிள்ளையை அல்ல, திட்டத்தைத் திருத்துங்கள்.

போன வாரம் கால் கிலோ காராச்சேவோடு தனியே வந்து நின்றான். பாக்கிச் சில்லறை சரியாக இருந்தது. பொட்டலத்தில்தான் பாதியைக் காணோம். அது திட்டத்தில் இல்லாத படி!