உப்புக் காற்றும் வீட்டுப் பட்டறையும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள், மரக்காணத்தை நெருங்குகையில் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் உப்பளப் பாத்திகளையும், அவற்றின் வரப்புகளில் குவிந்திருக்கும் வெண்ணிற அம்பாரங்களையும் பார்த்து மகிழ்ந்துவிட்டுக் கடந்து போகிறார்கள். ஆனால் அப்பாத்திகளின் மேல் தவழ்ந்துவரும் காற்றை இரவும் பகலும் சுவாசித்து வாழ்கிறவர்களுக்கு, ஜன்னல் கம்பியும் கதவுக் கீலும் சைக்கிள் சங்கிலியும் எத்தனை சீக்கிரத்தில் துருவேறிப் போகும் என்பது எவரும் சொல்லித் தெரியவேண்டிய விஷயமன்று. இத்தகைய ஊரில் ஒருவர் தம் வீட்டுக் கார் ஷெட்டில், மரத்தில் சித்திர வேலை செய்யும் சி.என்.சி. ரௌட்டர் என்னும் யந்திரத்தைத் தம் மனத்திருப்திக்காக நிறுவிக்கொள்ள விரும்பினால், அவர் முதலில் ஆலோசிக்க வேண்டியது யந்திரத்தின் விலையையோ வேகத்தையோ அல்ல, இந்த உப்பைத்தான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

எண்களால் எழுதிய கட்டளைப்படி தானே நகர்ந்து வெட்டும் இத்தகைய யந்திரம், 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செய்து காட்டப்பட்டபோது, அதை நடத்துவதற்கு வெற்றிடக் குழாய்கள் நிறைந்த பெரிய அலமாரி ஒன்று அவசியமாயிருந்தது. இன்றோ அந்தக் காரியத்தை உள்ளங்கையளவுப் பலகை ஒன்று செய்துவிடுகிறது. நமக்கு அதிக தூரமில்லாத கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய கைவேலையின் மேன்மை வேறு, யந்திரத்தின் பிரயோஜனம் வேறு; ஓர் இளைஞன் இரண்டிலும் ஆசை கொள்வதை நான் குறைகூற மாட்டேன். என் கவலை வேறொன்றைப் பற்றியது. தொழிற்சாலையில் சுழலும் பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டிலேயே தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அதைக் கவனிக்க ஆய்வாளரும் உண்டு. வீட்டு ஷெட்டுக்குள் அத்தகைய சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கே முதலாளியும் தொழிலாளியும் ஆய்வாளரும் ஒருவரே.

அந்த ஒருவர் முதலில் கவனிக்க வேண்டியது எர்த்தை. உள்நாட்டு ஊர்களில் எர்த் குழி தோண்டும்போது, மண்ணின் மின்தடை குறைய வேண்டும் என்பதற்காக உப்பையும் கரியையும் அடுக்கடுக்காகக் கொட்டி நீரூற்றுவது எலெக்ட்ரீஷியன்களின் நெடுநாள் வழக்கம். உப்பளத்தை ஒட்டிய மண்ணிலோ அந்த உப்பு இயற்கையாகவே ஊறியிருப்பதால், புதிதாகப் போட்ட எர்த் மிக நன்றாகவே வேலை செய்யும். ஆயினும் மின்சாரத்துக்கு வழிவிடும் அதே உப்பு, குழியிலிருக்கும் இரும்புக் குழாயையும் அதன் தலையிலுள்ள கிளாம்பையும் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருப்பதால், வீடு கட்டிய காலத்தில் குற்றமில்லாதிருந்த எர்த் இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்புவதற்கு யாதொரு ஆதாரமும் இல்லை. எர்த் சரியாயிருந்தால்தான், யந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் மின்கசிவு ஏற்பட்ட கணத்திலேயே, மனிதர் எவரும் அதைத் தொடுவதற்கு முன்பாக, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இணைப்பைத் துண்டிக்கும், இல்லாவிட்டால், ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவரின் தேகமே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். வெட்டுமுனையைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. பெட்டி, பழுதில்லாத நிலையிலும் எர்த் வழியே சற்று மின்சாரத்தைக் கசியவிடும் ஸ்வபாவமுடையது. அதனால் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று சலித்து, அதையே கழற்றிப் போட்டுவிட்டு வேலையைத் தொடருவது மன்னிக்கத்தக்க தவறன்று. அப்பெட்டிக்குப் பொருத்தமான வகை ஆர்.சி.சி.பி.யைத் தேர்ந்து, யந்திரத்துக்குத் தனி லைன் இழுப்பதே முறை.

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். நம் கடற்கரையில் பெரும்பாலான இரவுகள் அப்படிப்பட்டவையே. ஸ்விட்சின் உள்ளே படிந்த உப்பும் அவ்வாறே நனைந்து, செம்புத் தகடுகளை அரிக்கிறது. யந்திரத்தின் கை எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட் ஸ்விட்சையும், ஆபத்தில் அமுக்க வேண்டிய சிவப்புப் பொத்தானையும் இரண்டு விதமாக இணைக்கலாம். அமுக்கினால் சுற்று மூடும்படி இணைத்தால், கம்பி அரிபட்டுப் போனாலும் யந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். பொத்தான் செத்துப்போனது ஆபத்து வந்த பிறகுதான் தெரியும். சுற்று எப்போதும் மூடியிருந்து, அமுக்கினால் திறக்கும்படி இணைத்தாலோ, உப்பு எந்தக் கம்பியைத் தின்றாலும் யந்திரம் உடனே நின்று தன் பழுதைத் தானே தெரிவிக்கும். கடற்கரையில் இந்த இரண்டாவது முறையைத் தவிர வேறொன்றை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பொத்தான் கணினிக்கு மட்டும் செய்தி சொல்வதாயிராமல், ஸ்பிண்டிலுக்குப் போகும் மின்சாரத்தையே அறுப்பதாகவும், யந்திரத்தின்மேல் கை நீட்டாமல் வாசலருகிலேயே எட்டுவதாகவும் இருக்கவேண்டும். அறுத்த பிறகும் ஸ்பிண்டில் சில விநாடிகள் சுழலும், வி.எஃப்.டி. பெட்டிக்குள் மின்சாரம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும்.

நிமிஷத்துக்கு 24,000 சுற்றுச் சுழலும் இருவாய் பிட் என்னும் வெட்டுமுனை, ஒரு விநாடியில் 800 தடவை மரத்தைக் கடிக்கிறது. துண்டும் தொங்கும் வேட்டியும் முந்தானையும் கையுறையும் அதன் அருகே வரவே கூடாது. பிட் மழுங்கி, வெட்டுவதற்குப் பதிலாகத் தேய்க்கத் தொடங்கினால் மரத்தூளில் கனல் பிறக்கும். அது தூள் உறிஞ்சும் பைக்குள் புகுந்து, வீட்டார் உறங்கிய பிறகுகூடத் தீயாக எழலாம். ஆகையால் யந்திரத்தை ஓடவிட்டுச் சாப்பிடப் போவதும், தூளை இரவில் ஷெட்டிலேயே விட்டுவைப்பதும் ஆகாது. மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளில் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கில் கட்டிய கைக்குட்டை அதற்குப் போதாது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் மட்டும் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. பல வீடுகளில் ஷெட்டின் தரையே மிகத் தாழ்ந்த தரை; பிளக்குகளும் வி.எஃப்.டி. பெட்டியும் இடுப்புயரத்துக்கு மேலேயே இருக்கட்டும். நின்ற மின்சாரம் திரும்பி வரும்போது ஸ்பிண்டில் தானாகச் சுழன்றுவிடாமல், ஆள் வந்து மறுபடியும் பொத்தானை அமுக்கினால்தான் ஓடும்படி ஒரு கான்டாக்டர் வைப்பதும் அவசியம்.

இந்த யந்திரங்களை விற்கிறவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: சிவப்புப் பொத்தானையும் கான்டாக்டரையும் தனி விலைக்குரிய உபரிச் சாமான்களாக வைக்காமல், யந்திரத்தின் விலைக்குள்ளேயே சேர்த்து, சரியாக இணைத்துக் கொடுங்கள். வாங்குகிறவர்களும், முதல் பலகையை மேசைமேல் ஏற்றுவதற்கு முன்பாக, ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வருஷந்தோறும், மழைக்காலம் முடிந்தவுடன், மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள்.